மின்சாரத்திலும் முறை வேண்டும்

பலர் பொதுவில் அனுபவிக்கும் பொருள் எதுவாயினும், அதனை எவ்வளவு அனுபவிப்பது என்னும் வினாவோடு, எப்பொழுது அனுபவிப்பது என்னும் வினாவும் கூடவே எழுவதாகும். நம் முன்னோர் பின்னதற்கு எத்துணை மதிப்புத் தந்தனர் என்பதற்கு ஏரிப் பாசனமே சான்று. ஏரி நிறைந்திருக்குங் காலத்தில் மதகு திறந்தே கிடக்கும். எவரும் எவரையும் கேட்பதில்லை. நீர் குறுகிய காலத்திலோ, ஊரார் கூடி, இன்ன வயலுக்கு இன்ன நேரம் என்று முறை வைத்து விடுவர். முறை வைத்தமையால் ஏரியில் ஒரு துளி நீரும் மிகுவதில்லை. ஆயினும் கடைமடை வயலும் காயாமற் பிழைக்கும். முறை தவறித் தலைமடைக்காரர் அனைவரும் ஒரு சேர மடையைத் திறந்துகொள்வாராயின், ஏரியில் நீர் இருக்கும்போதே கடைமடைப் பயிர் கருகிவிடும்.

இக்காலத்தில் நம் இல்லங்களுக்கு வரும் மின்சாரமும் இத்தகைய பொதுப்பொருளே. அதனைச் சிக்கனமாகச் செலவிட வேண்டுமென்று பலகைகளில் எழுதி மாட்டியிருக்கின்றோம். ஆனால் சிக்கனம் என்பதை நாம் அளவைக்கொண்டு கருதுகின்றோமேயன்றி, வேளையைக்கொண்டு கருதுவதில்லை. இரண்டு மாதத்திற்கு ஒருமுறை கணக்கெடுக்கும்போது யூனிட் எத்தனை என்று பார்க்கின்றோம். அந்த யூனிட்டுகளை எந்த நேரத்தில் செலவிட்டோம் என்று பார்ப்பவர் அரியர். உச்ச வேளைகளில் இல்லத்து மின்செலவைக் குறைத்தலும், குறைக்கவியலாததை வேறு வேளைக்கு மாற்றுதலும், பணத்தைச் சேமிக்கும் உபாயம் மாத்திரமன்று; அயலார்க்கு நாம் செய்யக் கடமைப்பட்ட நியாயமுமாகும் என்பதே இங்கு நாம் கூறக் கருதியது.

இதனைப் பொதுப்படப் பேசுவதினும், ஓரூரை வைத்துப் பேசுதல் விளங்கும். சென்னைக்கு மேற்கே, திருவள்ளூர் நெடுஞ்சாலையும் உள்வட்டச் சாலையும் கூடுமிடத்திலுள்ள பாடியை எடுத்துக்கொள்வோம். திருஞானசம்பந்தர் பாடிய திருவலிதாயம் என்னும் தலம் இவ்வூரிலேயே உள்ளது. ஏரிகளும் வயல்களுமாக இருந்த இப்பகுதி, 1960-களில் தொழிலுக்குரிய இடமாக மாறத் தொடங்கிற்று. மோட்டார் வண்டிகளுக்கு வேண்டிய மின்கருவி, சக்கரம், பிரேக் முதலியவற்றைச் செய்யும் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா முதலிய ஆலைகள் பாடியில் எழுந்தன. அடுத்துள்ள அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் உதிரிப் பாகங்களைக் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைகள் பெருகின. அங்கெல்லாம் உழைப்போர்க்கு வீடு வேண்டியிருந்தமையால் வயல்கள் மனைகளாயின. 2011-இல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்தபோது பாடியும் மாநகரின் ஒரு கூறாயிற்று. தனி வீடுகள் நின்ற மனைகளில் இன்று அடுக்குமாடிகள் எழுகின்றன. ஒரு தெருவில் கடைசல் யந்திரம் சுழல, அடுத்த தெருவில் குளிர்சாதன யந்திரம் ஓடும் ஊர் இது. ஆதலின், இல்லத்தின் தேவையும் தொழிலின் தேவையும் ஒன்றையொன்று நெருக்கும் நிலையை இங்கே தெளிவாகக் காணலாம்.

மின்சாரத்திற்கு முறை எதற்கு என்பதை அறிய, அதன் இயல்பைச் சிறிது ஆராய்தல் அவசியம். ஏரி நீர் கரைக்குள் தங்கும். நாளைக்கென்று நிறுத்தி வைக்கலாம். கம்பியில் ஓடும் மின்சாரமோ தங்குவதன்று. ஒரு நொடியில் எவ்வளவு செலவாகின்றதோ, அவ்வளவும் அந்நொடியிலேயே உண்டாக்கப்பட வேண்டும். நம் நாட்டில் மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சி என்னும் அளவில் நிற்றல் வேண்டும். செலவு மிஞ்சினால் மின்னாக்கும் யந்திரங்களின் வேகம் தளர்ந்து இவ்வளவு குறையும். வரவு மிஞ்சினால் கூடும். சிறிது பிறழ்ந்தாலும் மின்கட்டமைப்பைக் கண்காணிப்போர் உடனே சரிசெய்தாக வேண்டும். வரவைக் கூட்ட வழியில்லாதபோது, சில ஊர்களின் இணைப்பைத் துண்டித்தே மற்ற ஊர்களைக் காக்கின்றனர். 2012 ஜூலை 30, 31 ஆகிய இரு நாட்களிலும் வட இந்தியாவில் இச்சமன்பாடு முறிந்து, இரண்டாம் நாள் மாத்திரம் ஏறக்குறைய 60 கோடி மக்கள் வாழும் பரப்பு மின்சாரமின்றி நின்றதை நாம் அறிவோம்.

மின்சாரத்தைச் சேமிக்கவே இயலாதோ எனின், சிறிதளவு இயலும். ஆனைமலைப் பகுதியிலுள்ள காடம்பாறையில், மின்சாரம் மலிந்த வேளையில் கீழ்த்தேக்கத்து நீரை மேல்தேக்கத்திற்கு ஏற்றி, தேவை மிக்க வேளையில் அதே நீரை இறக்கி மின்சாரம் எடுக்கும் 400 மெகாவாட் நிலையம் 1980-களின் பிற்பகுதி முதல் இயங்குகின்றது. மின்கலங்களில் சேமிக்கும் முயற்சியும் இப்பொழுது பரவி வருகின்றது. ஆயினும் நாட்டின் முழுத் தேவையை நோக்க இவை சிறு குளங்களே. 2024 மே 2-ஆம் நாள் தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட் என்னும் அளவை எட்டிற்று. அதற்கு முன் அத்தேவை அவ்வளவு உயர்ந்ததில்லை. காடம்பாறை போன்ற நிலையம் ஐம்பது இருந்தாலன்றி அவ்வேளையின் தேவை முழுவதையும் ஈடுசெய்தல் கூடாது.

இனி, முறை தவறினால் விளைவது யாது என்பதற்கு நம் சொந்த அனுபவமே போதும். 2008 முதல் 2015 வரை தமிழ்நாடு மின்பற்றாக்குறையால் வருந்திற்று. 2012-இல் இப்பற்றாக்குறை 4,000 மெகாவாட் அளவை எட்டியது. வடக்கே விலைக்கு மின்சாரம் கிடைத்த நாட்களிலும் அதனைத் தெற்கே கொணரப் போதிய பாதையில்லை; தென்னாட்டு மின்கட்டமைப்பு ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதையால் பிற பகுதிகளோடு ஒத்தியங்கத் தொடங்கியது 2013 டிசம்பர் 31-ஆம் நாளிலேதான். அந்நாட்களில் உயரழுத்த மின்சாரம் பெறும் ஆலைகளுக்கு 40 சதவீதம் வரை வெட்டு விதிக்கப்பட்டது; மாலை உச்ச வேளையில் தடை அதனினும் கடுமையாயிற்று. பெரிய ஆலைகள் டீசல் ஜெனரேட்டர்களை ஓட்டிச் சமாளித்தன. இரண்டு கடைசல் யந்திரங்களை வைத்துக்கொண்டு பிழைக்கும் பட்டறைக்காரருக்கு டீசல் விலை கட்டுபடியாகவில்லை. யந்திரம் நின்ற நேரத்திற்கு அங்கு உழைப்பவருக்கும் வருமானம் நின்றது.

அந்நாட்களின் மற்றொரு செய்தியையும் நாம் மறைத்தல் நன்றன்று. 2012 பிப்ரவரி இறுதி முதல் சென்னைக்கு நாளொன்றுக்கு 2 மணி நேர மின்வெட்டு விதிக்கப்பட்டது. பிற மாவட்டங்களிலோ, அவ்வாண்டின் பிற்பகுதியில் பத்து மணி நேரத்திற்கும் மேலாக மின்சாரமின்றிக் கழிந்த நாட்கள் பல. கோயமுத்தூரின் பட்டறைகளும், திருப்பூரின் பின்னலாடைக் கூடங்களும், தென்மாவட்டங்களின் சிற்றூர்களும் இருளைச் சுமந்தமையாலன்றோ மாநகரின் விளக்குகள் எரிந்தன? நாம் தலைமடையில் இருந்தோம். அவர்கள் கடைமடையில் இருந்தார்கள். இதனை நினைவிற்கொண்டால், மாநகரத்தார் உச்ச வேளையில் ஒரு பொத்தானை அழுத்துமுன் சற்றே சிந்தித்தல் மிகையாகாது.

இன்று அத்தகைய பெரும் பற்றாக்குறை நீங்கியுள்ளது உண்மையே. ஆயினும் நெருக்கடி நீங்கவில்லை. அது வேறு வேளைக்கும் வேறு இடத்திற்கும் பெயர்ந்துள்ளது. முதலாவது, வேளை. சூரிய ஒளியினின்று பெறும் மின்சாரம் நடுப்பகலில் மலிந்து, அந்தி சாய்ந்தபின் அற்றுப்போகின்றது. காற்றாலைகளை ஓட்டும் தென்மேற்குப் பருவக்காற்று மே மாதக் கடைசியை ஒட்டித்தான் வலுக்கும். வெயிலோ ஏப்ரலிலேயே முற்றிவிடும். ஆகவே ஏப்ரல், மே மாதங்களின் மாலையும் முன்னிரவுமே இப்பொழுது இடர்மிக்க காலம். இரண்டாவது, இடம். மாநிலம் முழுமைக்கும் மின்சாரம் போதிய அளவில் இருக்கும் இரவிலும், ஒரு தெரு இருளில் மூழ்கக்கூடும். அதன் காரணத்தைத் தெருமுனையில் நிற்கும் மின்மாற்றியில் காணலாம்.

ஜனங்கள் டிரான்ஸ்பார்மர் என்று வழங்கும் அம்மின்மாற்றி, 11,000 வோல்ட்டில் வரும் மின்சாரத்தை வீட்டுக்கேற்ற அழுத்தத்திற்கு இறக்கித் தருவது. 500 கே.வி.ஏ. அளவுள்ள ஒன்றை உதாரணமாகக் கொள்வோம். அது தாங்கக்கூடிய பளு ஏறக்குறைய 450 கிலோவாட். ஒன்றரை டன் குளிர்சாதன யந்திரம் முழுவேகத்தில் இயங்கும்போது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவாட் இழுக்கும். எனவே, 300 வீடுகளில் வீட்டுக்கு ஒரு யந்திரம் ஒரு சேர ஓடினாலே அம்மின்மாற்றியின் முழுத்திறமும் தீர்ந்துபோகும். விளக்கு, விசிறி, குளிர்ப்பெட்டி, மோட்டார் ஆகியவற்றுக்கு மிச்சமில்லை. இரவு பத்து மணிக்கு வீடுதோறும் படுக்கையறைக் கதவு அடைபடும்போது நிகழ்வது இதுவே. முதலில் மின்பாதையின் கோடியிலுள்ள வீடுகளில் அழுத்தம் தாழ்ந்து விசிறி மெல்லச் சுழலும். பின்னர் ஃபியூஸ் போகும், அல்லது கேபிள் வெந்துபோகும். அதன்பின் நடுநிசியில் ஏணியோடு வரும் மின்வாரிய ஊழியர், எவர் தவறும் தம் தவறேபோல வசைகேட்டு நிற்பார். தெருவாசிகள் அவரைக் கோபிக்கின்றனரேயன்றி, தத்தம் சுவரில் ஓடிக்கொண்டிருந்த யந்திரத்தின் எண்ணை எவரும் நோக்குவதில்லை.

உச்ச வேளையின் யூனிட்டுக்கு விலையும் வேறு. மின்சாரச் சந்தையில் தட்டுப்பாடு மிகுந்து விலை ஏறியமையால், 2022 ஏப்ரலில் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் யூனிட்டுக்கு 12 ரூபாய்க்குமேல் விற்றலாகாதென்று வரம்பு கட்ட நேர்ந்தது. அவ்விலை கொடுத்து வாங்கிய மின்சாரத்தை வாரியம் வீடுகளுக்குக் குறைந்த விலையில் வழங்குகின்றது. இடையிலுள்ள நஷ்டம் எவருடையது? அது வாரியத்தின் கடனாகிப் பின் வரியாகவும் கட்டண உயர்வாகவும் நம்மிடமே திரும்பி வருவது. பொருள் நஷ்டத்தின்மேல் மற்றொன்றும் உண்டு. சென்னைக்கு வடக்கே எண்ணூரை அடுத்துள்ள அனல் நிலையங்களின் சாம்பலால் கொசஸ்தலையாற்றின் கழிமுகம் கெட்டதும், அங்கே மீன்பிடித்து வாழ்வோர் தொழில் நலிந்ததும் பலரறிந்த செய்தி. நாம் பாடியில் வீணாக்கும் மின்சாரத்தின் சாம்பல் எண்ணூரில் படிகின்றது என்பதை மறத்தல் தகாது.

நிற்க. இல்லத்தார் செய்யக்கூடியது யாது? விசிறியை நிறுத்தி வியர்த்துக்கிடக்குமாறு நாம் எவரையும் கேட்கவில்லை. முதியோரும் குழந்தைகளும் நோயுற்றோரும் உள்ள வீட்டில் கோடை இரவின் குளிர்ச்சி ஆடம்பரமன்று, உயிர்க்காப்பு. நாம் வேண்டுவது, எந்த வேலை காத்திருக்கும், எந்த வேலை காத்திராது என்று பகுத்தறிதலே.

காத்திருக்கக் கூடியவற்றை எண்ணிப் பார்ப்போம். மேல்தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார் ஒரு குதிரைத்திறன் உடையதாயின் ஏறக்குறைய முக்கால் கிலோவாட் செலவாகும். அதனைக் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்குமே ஓட்டவேண்டும் என்னும் விதியில்லை. சூரிய மின்சாரம் மலிந்த நடுப்பகலில் ஓட்டினாலும் தொட்டி நிறையும். அடுக்குமாடிகளில் காவலாளிக்குச் சொல்லிவைத்தால் இது ஒரே நாளில் நடந்தேறும் மாற்றம். துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டி ஒரு கிலோவாட். வெந்நீர் காய்ச்சும் ஹீட்டர் இரண்டு கிலோவாட். கோடையில் வெந்நீரே பெரும்பாலோர்க்கு வேண்டுவதில்லை. மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்போர் வேலைமுடிந்து வீடுசேர்ந்த உடனே அதனை மின்னேற்ற மாட்டிவிடுகின்றனர்; நடுநிசிக்குமேல் தானே தொடங்குமாறு அமைத்தால், விடியுமுன் மின்கலம் நிறைந்துவிடும். வண்டிக்கும் குறைவில்லை, தெருவுக்கும் துன்பமில்லை.

காத்திராத வேலைகளில் குறைத்தலே வழி. குளிர்சாதன யந்திரத்தை 18 பாகையில் வைத்தால் அறை விரைவில் குளிரும் என்பது பலருடைய எண்ணம். அது பிழை. எந்த எண்ணில் வைத்தாலும் முதலில் யந்திரம் தன் முழுவேகத்தில்தான் குளிரூட்டும். எண்ணைத் தாழ்த்துவதால் அது நிற்கவேண்டிய இடத்தில் நில்லாமல் ஓடிக்கொண்டேயிருக்கும். ஒரு பாகை உயர்த்தினால் ஏறக்குறைய 6 சதவீதம் மின்சாரம் மிஞ்சும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் கூறுகின்றது. 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியுடைய யந்திரங்கள் 24 பாகையிலேயே இயங்கத் தொடங்குமாறு அமைக்கப்பட வேண்டுமென்றும் விதிக்கப்பட்டது. 26 பாகையும் மெல்லச் சுழலும் விசிறியும் கூடினால் உறக்கத்திற்குக் குறைவில்லை. பழைய விசிறி 75 வாட் அளவில் இழுக்கும், பி.எல்.டி.சி. என்னும் புதுவகை விசிறிக்கு 30 வாட் போதும். நான்கு விசிறியுள்ள ஆயிரம் வீடுகள் இவ்வாறு மாறினால் 180 கிலோவாட் பளு குறையும். மேலே கூறிய அளவுள்ள மின்மாற்றி ஒன்றின் திறத்தில் இது ஐந்தில் இரண்டு பங்கு.

இங்கே ஒரு விஷயத்தை வற்புறுத்திக் கூறுதல் நம் கடமை. உச்ச வேளைச் சிக்கனம் என்னும் பெயரால் மாவரைத்தலையும் துணி துவைத்தலையும் நள்ளிரவுக்குத் தள்ளி, வீட்டுப் பெண்டிரின் உறக்கத்தைக் கெடுத்தல் சிக்கனமாகாது. அது பளுவை மின்மாற்றியினின்று எடுத்து ஒரு மனித உயிரின் தோளில் ஏற்றுவதேயாம். தாமும் அலுவலகம் சென்று திரும்பும் பெண்களுக்கு நடுப்பகல் ஓய்வும் இல்லை. எனவே, முறை வைப்பது குடும்பத்தார் அனைவரும் கூடிச் செய்யவேண்டிய ஏற்பாடு. ஆடவர் கட்டளையிட்டுப் பெண்டிர் நிறைவேற்றுவதன்று. அவ்வாறே, இரண்டாம் ஷிப்டு முடிந்து நள்ளிரவில் வீடுசேரும் தொழிலாளிக்கும், பகலில் உறங்கி இரவில் உழைப்பவருக்கும் அவரவர் வாழ்க்கைக்கு ஏற்ற முறையே பொருந்தும். ஆலைகள் நிறைந்த பாடி போன்ற ஊரில் இதனை எளிதில் உணரலாம்.

நம் கருத்துக்கு எதிராகக் கூறப்படுவனவற்றையும் ஆராய்வோம். மின்சாரம் தருவது அரசாங்கத்தின் கடமை. அதனை நிறைவேற்ற இயலாமையை மக்கள்மேல் சுமத்துவது நியாயமா என்று சிலர் கேட்பர். கடமை அரசாங்கத்தினது என்பதில் ஐயமில்லை. நலிந்த கேபிள்களை மாற்றுதலும், பளு ஏறிய இடத்தில் புதிய மின்மாற்றி நிறுவுதலும் அதன் பொறுப்பே; அதனைக் கேட்டுப் பெறுதல் நம் உரிமை. ஆயினும் ஆண்டில் சில வாரங்களில், நாளில் சில மணி நேரத்திற்கு மாத்திரம் வேண்டியதற்காக முழு நிலையங்களையும் பாதைகளையும் கட்டி, எஞ்சிய காலமெல்லாம் வெறிதே நிறுத்தி வைத்தால், அதன் செலவும் நம்முடையதே. திருவிழா நாளின் கூட்டத்தைக் கணக்கிட்டு ஆண்டு முழுமைக்கும் சத்திரம் கட்டுவாருண்டோ?

வணிக மாளிகைகளும் விளம்பரப் பலகைகளும் கல்யாண மண்டபங்களும் ஒளிவெள்ளத்தில் மிதக்க, வீட்டுக்காரன் ஒரு விளக்கை அணைத்து என்ன பயன் என்பது மற்றொரு தடை. இதில் பாதி உண்மை உண்டு. உயரழுத்த மின்சாரம் பெறும் ஆலைகள் காலை, மாலை உச்ச வேளைகளில் கூடுதலாகக் கட்டணம் செலுத்துமாறு நெடுங்காலமாகவே விதிக்கப்பட்டுள்ளன. 2022-இல் அக்கூடுதல் 25 சதவீதமாக உயர்த்தப்பட்டது. ஒளி விளம்பரங்களுக்கும் அத்தகைய கட்டுப்பாடு வேண்டுமென்பதே எமது அபிப்பிராயம். பிறர் வீணாக்குவது நாம் வீணாக்குவதற்கு நியாயமாகாது என்பது ஒருபுறமிருக்க, தெருமுனை மின்மாற்றியின் பளு பெரும்பாலும் வீடுகளின் பளுவே என்பதையும் மறத்தலாகாது.

விளக்கும் விசிறியும் மாத்திரமே உடைய ஏழை எதைக் குறைப்பார் என்பது மூன்றாவது தடை. அவர் குறைக்க வேண்டியது ஒன்றுமில்லை. இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் இலவசமென்று 2016-இல் அரசாங்கம் வழங்கியது அவர் போன்றாரை நோக்கியே. முறை வைத்தலின் பாரம், மிகுதியாக இழுப்பவர்மேலேயே மிகுதியாக விழவேண்டும். குளிர்சாதன யந்திரம் இரண்டும் மூன்றும் உடைய இல்லம் முதலில் முன்வருக. தலைமடைக்காரர் அடைத்தாலன்றோ கடைமடைக்கு நீர் பாயும்?

ஒரு வீடு குறைத்து ஆவதென்ன என்று அயர்வோர்க்குச் சமீப காலத்துச் செய்திகள் மறுமொழி கூறும். 2020 ஏப்ரல் 5-ஆம் நாள் இரவு 9 மணிக்கு, பெருந்தொற்றுக் காலத்தில், 9 நிமிடம் வீட்டு விளக்குகளை அணைக்குமாறு பிரதமர் கேட்டுக்கொண்டார். தெருவிளக்கும் விசிறியும் குளிர்ப்பெட்டியும் அணைக்க வேண்டுவதில்லை என்று அறிவிக்கப்பட்டது. ஆயினும் நாட்டின் மின்தேவை ஏறக்குறைய 31,000 மெகாவாட் தாழ்ந்தது. மின்கட்டமைப்பைக் கண்காணிப்போர் எதிர்பார்த்ததைப்போல் இருமடங்குக்கும் மேல். அச்செயலின் நோக்கம் வேறு. அதனைப் பற்றிய கருத்துக்களும் பல. ஆனால் வீடுகள் ஒன்றுகூடினால் எத்துணை ஆற்றல் உடையன என்பதற்கு அதனினும் தெளிவான சான்று வேண்டா.

பிற நாட்டினர் அவ்வாற்றலை நெருக்கடியிலேயே பயன்படுத்தியுள்ளனர். 2011 மார்ச்சில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் ஜப்பானின் அணுமின் நிலையங்களை நிறுத்தியபோது, அவ்வாண்டுக் கோடையில் டோக்கியோ வட்டாரத்தின் பெரிய நிறுவனங்கள் 15 சதவீதம் குறைக்கக் கட்டளையிடப்பட்டன. இல்லங்கள் அவ்வளவே குறைக்குமாறு வேண்டப்பட்டன. முந்தின ஆண்டில் ஏறக்குறைய 60,000 மெகாவாட் இருந்த அவ்வட்டாரத்து உச்சத் தேவை, அவ்வாண்டில் 50,000-க்கும் கீழே நின்றது. 2022 செப்டம்பர் 6-ஆம் நாள் மாலை, கடும் வெப்பத்தால் கலிபோர்னியா மின்வெட்டின் விளிம்பில் நின்றபோது, அரசாங்கம் மக்களின் கைப்பேசிகளுக்கு ஓர் அவசரச் செய்தி அனுப்பிற்று; ஒரு மணி நேரத்திற்குள் தேவை ஏறக்குறைய 2,000 மெகாவாட் குறைந்து, வெட்டு தவிர்க்கப்பட்டது. இவ்விரு நாட்டு மக்களும் நம்மினும் அதிக வசதி படைத்தவர்கள். ஆயினும் காரணம் கூறிக் கேட்டபோது இசைந்தார்கள்.

காரணம் கூறிக் கேட்டல் என்பதில்தான் ஆட்சியாளர் நம்மிடம் குறைவைக்கின்றனர். 2023 ஜூனில் மத்திய அரசாங்கம் திருத்திய விதிகள், சூரிய ஒளி மிக்க வேளையில் கட்டணம் குறையவும் உச்ச வேளையில் கூடவும் வேண்டுமென்று வகுத்தன. கட்டணத்தால் மாத்திரம் இது முற்றும் நடைபெறுமென்று நாம் நம்பவில்லை. உச்ச வேளைக் கட்டணம் வசதியுள்ளவரை உறுத்தாமல், வசதியற்றவரை வாட்டவுங் கூடும். முதலில் செய்யத்தக்கது செய்தி சொல்லுதல். இன்ன மின்மாற்றியில் பளு மிகுந்துள்ளது, இன்று இரவு 10 முதல் 12 வரை குறைத்து உதவுக என்று, அத்தெருவாரின் கைப்பேசிக்கு மாலையிலேயே ஒரு செய்தி வருமாயின் பலர் செவிசாய்ப்பர். இருள் வந்தபின் காரணம் கூறுவதினும், இருள் வருமுன் துணை கேட்பது மேலன்றோ?

இறுதியாக, நம் மாணாக்கருக்கு ஒரு சொல். மின்னியலைப் பாடமாகப் பயில்வோர் பலர் நம்மிடையே உளர். பாடம் தேர்வோடு முடிதல் வேண்டா. கோடை விடுமுறையில் உங்கள் தெருவிலோ அடுக்குமாடியிலோ, எந்தச் சாதனம் எந்த நேரத்தில் எவ்வளவு இழுக்கின்றது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். அக்கணக்கைப் பெரியோர் முன் வைத்து, மோட்டார் ஓட்டும் நேரத்தையும் ஸ்கூட்டர் மின்னேற்றும் நேரத்தையும் மாற்றப் பேசுங்கள். விடுதியில் வாழ்வோர், ஆளில்லா அறையில் சுழலும் விசிறியிலிருந்து தொடங்கலாம். ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் தத்தம் குடியிருப்புச் சங்கங்களில் இதனை எடுத்துரைக்கத் தக்கவர்கள்.

ஏரியைச் சுற்றி வாழ்ந்தோர் வகுத்துக்கொண்ட முறைக்கு அக்காலத்தில் மீட்டரும் இல்லை, கைப்பேசியும் இல்லை. கடைமடையிலும் ஒரு குடும்பம் உண்டு என்னும் நினைவு ஒன்றே அவர்களை நடத்திற்று. அந்நினைவு நமக்கும் வாய்க்குமாயின், வரும் கோடையிலேனும் நம் தெருக்களின் கோடி வீட்டு விசிறி தளராது சுழலும். பட்டறையின் யந்திரமும் நில்லாது ஓடும்.